கறவை மாட்டை விற்க வேண்டாம்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எங்களுடையது பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அப்பா தையற்காரர். வீட்டில் ஒரு கலப்பினக் கறவை மாடும் அதன் கிடேரிக் கன்றும் இருக்கின்றன. இரண்டு வேளையும் சேர்த்துப் பத்து லிட்டர் பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறோம். வேறு மாநிலத்தில் இதே படிப்பைப் படிக்கும் தெரிந்த அக்கா ஒருவர், வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியலை அனுப்பியிருக்கிறார். விலை உயர்ந்த ஸ்டெதஸ்கோப், அறுவைக் கருவிப் பெட்டி, ஆறு ஏப்ரன், கம்பூட், தலையில் மாட்டும் விளக்கு, டேப்லெட், எட்டுப் பாடப்புத்தகங்கள். கூட்டிப் பார்த்தால் 46,000 ரூபாய் வருகிறது. மாட்டை விற்றுவிடலாம் என்கிறார் அப்பா. எதை வாங்க வேண்டும், எதை விடலாம்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்: அன்புள்ள மகளுக்கு,

மாட்டை விற்க வேண்டாம். இந்த ஒரு வரியை முதலில் அப்பாவிடம் படித்துக் காட்டிவிட்டு வா. மற்றதைப் பிறகு நிதானமாகப் படிக்கலாம்.

அக்கா அனுப்பிய பட்டியலில் வீண் பொருள் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஐந்தரை ஆண்டுகளில் தேவைப்படுவதை எல்லாம் ஒரே நாளில் வாங்கச் சொல்கிறது, அதுதான் கோளாறு. உன் படிப்பு நாலரை ஆண்டு வகுப்பும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும் கொண்டது. முதல் ஆண்டில் உடற்கூறியல், உடற்செயலியல், உயிர்வேதியியல், கால்நடை உற்பத்தி மேலாண்மை ஆகியவற்றோடு சரி. பண்ணைக்குப் போவாய், சாணம் அள்ளுவாய், எலும்புகளை உருட்டுவாய், தவளைப் பச்சை நிறத்தில் மை கசியும் பேனாவால் ரெக்கார்டு எழுதுவாய். நோயுற்ற மாட்டின் பக்கத்தில் நின்று சிகிச்சை தர வெகுகாலம் இருக்கிறது. இப்போதே வாங்கிய அறுவைக் கருவிகள் அதற்குள் விடுதிப் பெட்டியில் துருப்பிடித்திருக்கும். நானும் அப்படி ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு போனவள்தான். அதிலிருந்த ஊசிபிடிப்பானை முதன்முதலாக வெளியே எடுத்த நாளில் அது திறக்கவே இல்லை.

ஆகவே, முதல் ஆண்டுக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். பட்டியலில் இல்லாத ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி. நாய் கடித்த பிறகு போடுவதைச் சொல்லவில்லை, கடிபடும் முன்பே போட்டுக்கொள்வது. முதல் ஊசி போட்ட நாளைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டால், அடுத்தது 7ஆம் நாள், மூன்றாவது 21 அல்லது 28ஆம் நாள். கல்லூரியே ஏற்பாடு செய்கிறதா என்று சேர்ந்த முதல் வாரத்தில் கேள். செய்யவில்லை என்றால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு இந்தச் செலவைச் செய். முன்கூட்டியே போட்டுக்கொண்டவருக்குப் பின்னாளில் கடி விழுந்தால், அன்றும் மூன்றாம் நாளும் இரண்டு ஊசி போதும். காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. புண்ணைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது மட்டும் யாராக இருந்தாலும் உண்டு.

நான் ஏன் இதைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கு ஒரு மாடு கற்றுக்கொடுத்தது. உள்ளிருப்புப் பயிற்சியில் இருந்தேன். ஒரு விவசாயி மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். எச்சில் கயிறாக ஒழுகுகிறது, தீவனம் எடுக்கவில்லை, தண்ணீர் இறங்கவில்லை, கரகரத்த குரலில் அடிக்கடி கத்துகிறது. "மாங்கொட்டை சிக்கிக்கொண்டது தாயி, கையை விட்டுப் பார்" என்றார். மாம்பழக் காலம். நானும் நம்பினேன். வெறும் கையை முழங்கை வரை வாய்க்குள் விட்டுத் துழாவினேன். கொட்டை ஏதும் இல்லை. மறுநாள் மாடு எழவில்லை, அதற்கு அடுத்த நாள் செத்தது. மூளையைப் பரிசோதித்ததில் வெறிநோய் என்று வந்தது. ஒன்றரை மாதத்துக்கு முன் தெருநாய் ஒன்று தொழுவத்துக்குள் புகுந்து கடித்ததை அதற்குப் பிறகுதான் அவர் நினைவுபடுத்திச் சொன்னார். என் ஆள்காட்டி விரலின் நகக்கண்ணில் ஒரு கீறல் இருந்தது. முழுத் தவணை ஊசியும் போட்டு முடியும் வரை அம்மாவிடம் தொலைபேசியில் பேசாமலே இருந்தேன், குரலில் கண்டுபிடித்துவிடுவார் என்று.

வெறிநோய் கண்ட மாட்டுக்கு விழுங்கும் தசைகள் செயலிழக்கும். பார்ப்பவர்களுக்குத் தொண்டையில் ஏதோ அடைத்ததுபோல்தான் தெரியும். நோயின் அறிகுறி மனிதருக்கு வந்துவிட்டால் காப்பாற்ற வழி கிடையாது என்றே வைத்துக்கொள். எனவே அந்த மூன்று ஊசிதான் உன் முதல் உடுப்பு. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்றும் அம்மாவிடம் கேட்டு வை.

இனி கால். கம்பூட் கட்டாயம் வேண்டும், அதுவும் முதல் ஆண்டிலேயே. பண்ணை வகுப்பு காலையிலேயே இருக்கும். முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரை உயரம், ஆழமான வரிகள் உள்ள அடிப்பாகம், உள்ளே துணி ஒட்டாத வெறும் ரப்பர். துணி ஒட்டியது ஒரு முறை நனைந்தால் மழைக்காலத்தில் ஒரு வாரம் நாறும். பெரிய கடைக்குப் போக வேண்டாம். துப்புரவுப் பணியாளருக்கும் கட்டட வேலைக்கும் பொருள் விற்கும் கடைகளில் கிடைப்பதே நன்றாக உழைக்கும். நானூறு கிலோ மாடு மிதித்தால் ரப்பர் பூட்ஸ் காப்பாற்றிவிடும் என்று எண்ணிவிடாதே. மிதித்தால் வலிக்கத்தான் செய்யும். செருப்போடு நின்றால் நகமே போய்விடும், அவ்வளவுதான் வித்தியாசம். மிதித்த மாட்டைத் தள்ளினால் அது உன் மேலேயே சாயும். அதன் எடையை மறுகாலுக்கு மாற்றும்படி தோளால் மெல்ல அணைத்துக் கொடுக்க வேண்டும். இது உனக்கே தெரிந்திருக்கும்.

கம்பூட்டின் உண்மையான பயன், அதைக் கழுவ முடியும் என்பது. கோமாரிக் கிருமி ஒரு தொழுவத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கு மாடு நடக்க வேண்டியதில்லை, மருத்துவரின் கால் நடந்தால் போதும். முதலில் அடிப்பாக வரிகளில் ஒட்டிய சாணத்தைக் குச்சியால் நோண்டி எடுத்து, தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவு. பிறகுதான் கிருமிநாசினி. சாணத்தின் மேல் எந்த மருந்தை ஊற்றினாலும் பாதி வீண். கோமாரிக்கு விலை மலிந்த சலவை சோடாவே போதும், பத்து லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அந்தப் பூட்ஸை வீட்டுக்குக் கொண்டுவராதே. கொண்டுவந்தாலும் உங்கள் தொழுவத்துப் பக்கம் போடாதே. நாமக்கல்லில் கோழிப்பண்ணைகள் அதிகம் என்பதால் அங்கே இந்தக் கண்டிப்பை இன்னும் கூடுதலாகப் பார்ப்பாய். வெளிக்காலோடு உள்ளே விடாத பண்ணைக்காரர்மேல் கோபப்படாதே, அவர் தொழில் தெரிந்தவர்.

ஏப்ரன் விஷயத்தில் நீ கொடுத்துவைத்தவள். கடையில் வாங்கவே வேண்டாம், அப்பா தைத்துவிடுவார். ஆனால் துணி எடுப்பதற்கு முன், பண்ணைக்கும் மருத்துவமனைக்கும் எந்த நிறம் என்று கல்லூரியில் கேட்டுக்கொள். ஆய்வகத்துக்கு வெள்ளை, பண்ணைக்கு வேறு நிறம் என்று வைத்திருக்கும் கல்லூரிகள் உண்டு. ஆறு தேவையில்லை. ஆய்வகத்துக்கு முழுக்கை இரண்டு, பண்ணைக்கு அரைக்கை ஒன்று, செத்த விலங்கின் உடலை அறுத்துப் படிக்கும் பிணக்கூற்று அறைக்கென்றே தனியாக ஒன்று. மொத்தம் நான்கு. பிணக்கூற்று அறை ஏப்ரனை ஆண்டு முடிவில் தூக்கி எறிந்துவிடுவாய், அதற்கு நல்ல துணி வெட்ட வேண்டாம்.

அப்பாவுக்குச் சில குறிப்புகள். உயரம் முழங்காலுக்கு மேல் நிற்க வேண்டும். குந்தி உட்காரவும் தேவைப்பட்டால் வேலியைத் தாண்டி ஓடவும் வரும். பின்னால் பிளவு வேண்டும், இடுப்புப் பட்டி வேண்டாம், கொம்பு நுழைவதற்கு அதுவே வழியாகிவிடும். ஓட்டைப் பொத்தானுக்குப் பதில் டிச் பட்டன் வையுங்கள். மாடு கொம்பால் இழுத்தால் படபடவென்று திறந்துகொள்ளும், ஆள் கூடவே போக மாட்டாள். மேல்பையை மூடி வைத்துத் தைக்க வேண்டும். குனிந்தவுடன் பேனாவும் தெர்மாமீட்டரும் சாணக் குழியில் விழுவது இந்தப் படிப்பின் அன்றாடச் சடங்கு. கீழ்ப்பைகள் கை மணிக்கட்டு வரை போகும் ஆழத்தில் இருக்கட்டும். துணி பருத்தி. டெரிகாட்டன் விடுதிக் கொடியில் சீக்கிரம் உலரும் என்பது உண்மைதான், என்றாலும் மே மாதத் தொழுவத்தில் அதைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது அந்த நன்மை நினைவுக்கு வராது. வெந்நீரில் ஊறவைத்து அடித்துத் துவைக்கப் பருத்தி தாங்கும்.

பெயரை நூலால் நெஞ்சில் தைத்துவிடச் சொல். ஊக்குக் குத்தும் பெயர் வில்லை வேண்டாம். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது, உங்கள் வீட்டுக்கும் அது பொருந்தும். மாடு மென்று பார்த்துவிட்டு விழுங்குவதில்லை, விழுங்கிவிட்டுப் பிறகு நிதானமாக அசைபோடும். தீவனத்தோடு ஊக்கோ கம்பியோ உள்ளே போனால் வயிற்றின் நான்கு அறைகளில் ஒன்றான ரெட்டிகுலத்தில் போய்த் தங்கிவிடும். அந்த அறைக்கும் இதயத்துக்கும் நடுவே உதரவிதானம் என்ற மெல்லிய திரை மட்டும்தான். வயிறு ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ஊசி முன்னால் நகர்ந்து, ஒரு நாள் இதய உறையைக் குத்திவிடும். கன்று போடும் நேரத்து முக்கலில் அப்படிக் குத்திய மாடுகளைப் பார்த்திருக்கிறேன். தையற்கடைக் குப்பையை எருக்குழியில் கொட்டும் வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடு. துணித் துண்டுக்குள் ஒடிந்த ஊசி இருக்கும்.

ஏப்ரனுக்கு உள்ளே என்ன அணிவது என்று நீ கேட்கவில்லை, ஆனால் உன் அம்மா கேட்பார். கல்லூரியில் சீருடை இருந்தால் அதன்படி. இல்லையென்றால் தளர்ந்த பேன்ட், அரைக்கைச் சட்டை அல்லது குட்டையான குர்த்தா. துப்பட்டா தொழுவத்துக்கு ஆகாது. தொங்கும் எதுவும் ஆகாது, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை உட்பட. பின்னலைச் சுருட்டிக் கொண்டையாகக் கட்டிக்கொள். வளையல், மோதிரம், கைக்கடிகாரம் கழற்றி வைத்துவிடு. கொலுசு கம்பூட்டுக்குள் கணுக்காலை அறுக்கும். தலையில் பூ வைத்துக்கொண்டு ஆட்டுப் பட்டிக்குப் போன என் தோழி திரும்பி வந்தபோது நார் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

பிணக்கூற்று அறை பற்றிச் சுருக்கமாக. உடல்களைக் கெடாமல் வைக்க ஃபார்மலின் செலுத்தியிருப்பார்கள். முதல் வாரம் கண் எரியும், மூக்கில் நீர் வடியும். கண்ணுக்குள் ஒட்டும் லென்ஸ் அணிபவர் அந்த அறைக்குள் மூக்குக்கண்ணாடிக்கு மாறிவிட வேண்டும். நைட்ரில் கையுறை வாங்கு, ஃபார்மலினுக்கு ரப்பர் கையுறையைவிட அதுதான் தாங்கும். கருவிப் பெட்டியில் இருபது கருவிகள் தேவையில்லை. 4ஆம் எண் கத்திப்பிடி, அதில் மாட்ட 22ஆம் எண் அலகு ஒரு கட்டு, பல் உள்ள இடுக்கி ஒன்று, பல் இல்லாதது ஒன்று, கத்தரிக்கோல், நரம்பைத் தூக்கிப் பார்க்க ஒரு கம்பி. 3ஆம் எண் பிடியும் அதற்கான சிறிய அலகுகளும் பின்னால் அறுவை வகுப்பில் வரும். அலகை விரலால் கழற்றாதே, இடுக்கியால் கழற்று. அந்த அறையின் ஏப்ரனைத் தனி வாளியில் துவை, அறைத் தோழிகளின் நட்பு நிலைக்கும்.

ஸ்டெதஸ்கோப்புக்கு வருகிறேன். பட்டியலிலேயே விலை கூடிய கருவி அதுவாகத்தான் இருக்கும். லிட்மன் என்ற பெயரில் வரும் விலை உயர்ந்த ஸ்டெதஸ்கோப் நல்ல கருவி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1816இல் பாரீசில் லானெக் என்ற மருத்துவர் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி ஒரு பெண்ணின் நெஞ்சில் வைத்துக் கேட்டதில்தான் இந்தக் கருவியே தொடங்கியது. கேட்கத் தெரிந்த காதுக்குக் காகிதமும் உதவியிருக்கிறது. முதல் ஆண்டில் உடற்செயலியல் செய்முறையில் இதயத் துடிப்பு எண்ணுவதற்கு, மலிவான உள்நாட்டுத் தயாரிப்பே போதும். நல்லதை மூன்றாம் ஆண்டில் உதவித்தொகை மிச்சம் பிடித்து வாங்கு. எப்போது வாங்கினாலும் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு மாட்டின் முன் நிற்காதே, படங்களில்தான் அது அழகு.

தெர்மாமீட்டர் மட்டும் இப்போதே வாங்கிவிடு, மலிவானது. கண்ணாடியும் பாதரசமும் வேண்டாம், டிஜிட்டல் வாங்கு. பின்முனையில் ஒரு முழம் நூல் கட்டி, நூலின் மறுமுனையில் துணிக்கிளிப் மாட்டு. ஆசனவாயில் வைத்தவுடன் கிளிப்பை வால் முடியில் பிடிக்கவிடு. மாடு திடீரெனச் சாணம் போட்டாலும் கருவி தரையில் உடையாது, உள்ளேயும் போகாது. பெட்டியின் மேல் "மாட்டுக்கு" என்று பெரிதாக எழுதி வை. விடுதியில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அதைத்தான் தேடுவார்கள்.

தோள் வரை வரும் கையுறை, சினைப் பரிசோதனைக்கு வேண்டியது, அதெல்லாம் பின்னால். இப்போது நகத்தை ஒட்ட வெட்டப் பழகிக்கொள். ஒன்றை மட்டும் வீட்டில் சொல்லிவிட்டுப் போ. மாடு கன்று போட்டு நஞ்சுக்கொடி விழாமல் தங்கினால் யாரும் வெறும் கையால் பிடித்து இழுக்கக் கூடாது. புரூசெல்லா கிருமி இருந்தால் கை வழியாக ஆளுக்கு ஏறும். விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டு வலியுமாக மாதக்கணக்கில் படுத்தும்.

தலை விளக்கு, டேப்லெட் இரண்டும் இப்போது வேண்டாம். இரவில் ஆடு குட்டி போட உன்னை யாரும் எழுப்பப்போவதில்லை. பாடக் குறிப்புகளைப் படிக்கக் கையிலிருக்கும் கைப்பேசி போதும்.

எட்டுப் புத்தகங்கள்! உடற்கூறியலில் எல்லோரும் பெயர் சொல்லும் சிசன்–கிராஸ்மன் இரண்டு பெரும் தொகுதிகள். அதில் குதிரையை வைத்துத்தான் விரிவாகச் சொல்லிவிட்டு மாடு, ஆடு, பன்றி, நாய் என்று போவார்கள். நீ அறுக்கப்போவது பெரும்பாலும் எருமைக் கன்றை. அதை நூலகத்தில் உட்கார்ந்து படி. மெர்க் கால்நடை மருத்துவக் கையேடு இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது, காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். முதல் ஆண்டுக்கென்று சொந்தமாக ஒரே ஒரு உடற்கூறியல் புத்தகம், மாட்டை மையமாக வைத்து எழுதிய மெலிந்த ஒன்றாக, பழையதாகப் பார்த்து வாங்கு. எலும்பு மாறப்போவதில்லை, பழைய பதிப்பு பாதகமில்லை. மருந்தியல் புத்தகத்தை மட்டும் எந்நாளும் பழையதாக வாங்காதே. மருந்தும் அளவும் தடையும் மாறிக்கொண்டே இருக்கும்.

காசில்லாத படிப்புக் கருவி ஒன்று உங்கள் வீட்டு அடுக்களையிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி எடுத்தால் முன்னங்காலின் தோள் எலும்பை வெட்டாமல் முழுதாகக் கேட்டு வாங்கு. வேகவைத்து, கறியைச் சுரண்டி எடுத்து, வெயிலில் காயவை. விசிறி போல் தட்டையாக இருக்கும். நடுவே ஒரு முகடு ஓடும். அந்த முகடு வெளிப்பக்கம் பார்க்க, கிண்ணம் போன்ற குழி கீழே வர, முகடு பிரிக்கும் இரண்டு பாதிகளில் குறுகலானது முன்னால் இருக்கும்படி பிடி. எந்தப் பக்கத்துக் கால் என்று எலும்பே சொல்லிவிடும். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே பெரும்பாலும் அதுதான்: "இது இடதா, வலதா?" புத்தகத்துப் படத்தை மட்டும் பார்த்துப் படித்த நகரத்துப் பிள்ளைகள் திணறும் இடம்.

வண்ணப் பென்சில்கள் வாங்கு. மருத்துவப் படிப்புக்கு இதென்ன என்று அப்பா கேட்பார். திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து வரைய வேண்டும். திசுவுக்கு ஏற்றும் சாயத்தில் செல்லின் உட்கரு நீல ஊதாவாகவும் மற்ற இடம் இளஞ்சிவப்பாகவும் தெரியும். அந்த இரண்டு நிறப் பென்சில்கள் மட்டும் மாதம் ஒன்று தேய்ந்து தீரும், மற்ற பத்தும் புதிதாகவே இருக்கும். தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம், நரம்புக்கு மஞ்சள் என்று அவையும் கொஞ்சம் உதவும்.

தமிழ் வழியில் படித்தவள் என்பதைச் சற்றுத் தயங்கியே எழுதியிருக்கிறாய் என்று எனக்குத் தோன்றியது. வகுப்பில் ஆங்கிலம் மளமளவென்று கொட்டும், முதல் மூன்று மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. சட்டைப் பையில் அடங்கும் கெட்டி அட்டை நோட்டு ஒன்று வாங்கிக்கொள். இடப்பக்கம் வகுப்பில் சொல்லும் ஆங்கிலப் பெயர், வலப்பக்கம் மாடு வளர்ப்பவர் அதற்குச் சொல்லும் பெயர். கோமாரிக்குக் காணை என்றும் சொல்வார்கள். மடிநோய், சப்பை நோய், ஆட்டுக்கொல்லி, வெள்ளைக்கழிச்சல், அடிதள்ளுதல் இப்படிப் பாதி உனக்கு இப்போதே தெரியும். ஐந்தாண்டு கழித்து மருந்தக மேசைக்கு முன்னால் ஒரு பாட்டி நின்று நோயைச் சொல்லும்போது அந்த வலப்பக்கம்தான் கைகொடுக்கும்.

உயிரைக் காக்கும் சங்கதியும் அதில் உண்டு. மக்கள் "அடைப்பான்" என்பார்கள். ஆந்த்ராக்சுக்கும் அடைப்பான் என்றுதான் பெயர், தொண்டை வீங்கி மூச்சு முட்டும் வேறொரு நோய்க்கும் தொண்டை அடைப்பான் என்று பெயர். இரண்டுமே கிருமி நோய்தான், இரண்டிலும் மாடு திடீரெனச் சாகும். ஆனால் ஆந்த்ராக்சில் செத்த மாட்டை அறுக்கவே கூடாது. உடலைத் திறந்து காற்றுப் பட்டால் கிருமி வித்தாக மாறி அந்த மண்ணில் பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த இரத்தம் வடிந்திருந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும். "எந்த அடைப்பான் ஐயா?" என்று திருப்பிக் கேட்கத் தெரிந்தவள் அங்கே பிழைப்பாள்.

நான் சொன்னவற்றை எல்லாம், ஊசி உட்பட, அப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார். இரண்டு மாதப் பால் பணத்துக்குள் அடங்கும் என்றே நினைக்கிறேன். கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கும் ஒதுக்கீட்டில் சேர்கிறாய், விடுதிக் கட்டணத்துக்கும் அந்தத் திட்டத்தில் வழி உண்டா என்று சேர்க்கையின்போதே கேட்டுக்கொள்.

மாட்டை ஏன் விற்கக் கூடாது என்பதற்குப் பால் பணம் பாதிக் காரணம்தான். கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. தினமும் காலையில், வெயில் ஏறும் முன், உன் மாட்டிடம் போ. இடது பக்கம் கடைசி விலா எலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் மடக்கிய கைமுட்டியை அழுத்தி வைத்துக்கொண்டு நில். உள்ளே ஒரு பெரிய அலை எழுந்து கையைத் தள்ளிவிட்டு அடங்கும். இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று முறை வந்தால் வயிறு நன்றாக வேலை செய்கிறது. வாலின் அடிப்பக்கம், மேலிருந்து ஒரு சாண் கீழே, விரலை வைத்தால் நாடி கிடைக்கும், நிமிடத்துக்கு அறுபதிலிருந்து எண்பது. தெர்மாமீட்டர் 101.5 டிகிரியை ஒட்டிக் காட்டும். விலா ஏறி இறங்குவதை எண்ணு. சாணத்தின் பதம், அசைபோடும் நேரம், படுத்து எழும் விதம் எல்லாவற்றையும் தேதி போட்டு அந்த நோட்டில் எழுது. மாடு சினைக்கு வரும் நாளில் எது மாறுகிறது, உச்சி வெயிலில் எது மாறுகிறது என்று பார். நலமாக இருக்கும் மாட்டை இப்படி அறுபது நாள் பார்த்தவள் உன் வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள்? நோயுற்ற மாட்டைக் கல்லூரி காட்டும். நலமான ஒரே மாட்டை நாள் தவறாமல் பார்க்கும் வாய்ப்பைக் கல்லூரியால் தர முடியாது.

அப்பாவிடமிருந்து கயிற்று வேலையும் கற்றுக்கொள். மூக்கணாங்கயிறு பிடிப்பது, கறக்கும்போது அணைகயிறு போடுவது, இழுத்தால் இறுகாத முடிச்சு, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு. மரத்தில் கட்டிய மாடு மிரண்டு விழுந்தால் கழுத்து நெரிபடும் முன் அவிழ்க்க அந்தக் கடைசி முடிச்சு ஒன்றுதான் வழி. முப்பது அடிக் கயிற்றை உடம்பைச் சுற்றி வளைத்து, கொம்பைப் பிடிக்க ஒருவர், கயிற்றை இழுக்க இருவர் என்று நின்று, பெரிய மாட்டை அடிபடாமல் படுக்கவைக்கும் முறையைப் பின்னால் கற்றுத்தருவார்கள். முடிச்சு கைவந்தவளுக்கு அது ஒரு மணி நேர வேலை. பருத்திக் கயிறாக ஒன்று பெட்டியில் போட்டுக்கொண்டு போ, நைலான் உன் உள்ளங்கையையும் அறுக்கும், மாட்டின் தோலையும் அறுக்கும்.

கம்பூட் வாங்கப் போகும்போது கெட்டியான காலுறை போட்டுக்கொண்டு போய் அளவு பார். மாலையில் போ, கால் சற்று வீங்கியிருக்கும் நேரம். காலையில் சரியாக இருந்தது என்று வாங்கியதை, பண்ணையிலிருந்து திரும்பி வந்து கழற்ற இரண்டு பேர் இழுக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
டாக்டர் அம்மா